டர்பனில் பழைய கார் கொதிக்கிறதா? பணத்தைக் கொட்டும் முன் ரேடியேட்டர் ஃபேனை நீங்களே சோதித்துப் பாருங்கள்

பெரிய வெள்ளிக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போகிற வழி. கார்கள் எறும்பு வரிசை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. என் 2005 ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃபின் டெம்பரேச்சர் முள் மெதுவாகச் சிவப்புப் பக்கம் ஏற ஆரம்பித்தது. பின் சீட்டில் மனைவி, மடியில் பால் சொம்பு, "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டாள். மறுபடியும்தான், அது மூன்றாவது தடவை. அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் இரண்டு மெக்கானிக்குகளிடம் மொத்தம் 2450 ராண்ட் கொடுத்திருந்தேன். ஒருவர் தெர்மோஸ்டாட் (எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சூட்டுக்கேற்பத் திறந்து மூடுகிற வால்வு) மாற்றினார், அடுத்தவர் ஃபேன் மோட்டாரையே புதிதாகப் போட்டார். கடைசியில் கோளாறு எங்கே இருந்தது என்றால், ஒரு போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்துப்போன எர்த் வயரில் (மின்சாரம் கார் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிற வயர்). அதைச் சரிசெய்ய ஆன செலவு 35 ராண்ட்.

இங்கே புதிதாக வந்திறங்குகிற நம் ஆட்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இப்படி ஒரு பழைய கார்தான். சிட்டி கோல்ஃப், டொயோட்டா டாஸ், கொரோலா, கையில் என்ன சிக்குகிறதோ அது. இந்த வண்டிகளில் ஃபேன் பிரச்சினை வராமல் இருக்காது. நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கும் தெரியாது.

1. முள் ஏறினால் உடனே செய்ய வேண்டியது

ஏசி இருந்தால் அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், காற்றை முழு வேகத்தில் வையுங்கள். டர்பன் வெயிலில் இது நரகம்தான், ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை வெளியே தள்ளிவிடும். முள் இறங்கினால் மெதுவாகப் பக்கத்து கராஜுக்குப் போய்ச் சேருங்கள். (கராஜ் என்றால் இங்கே பெட்ரோல் பங்க். நான் வந்த புதிதில் பெட்ரோல் பங்கில் போய் நின்று மெக்கானிக் எங்கே என்று தேடியிருக்கிறேன்.) முள் இறங்காமல் சிவப்பைத் தொட்டுவிட்டால் அங்கேயே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும், அப்புறம் நீங்கள் பேசப்போவது ஆயிரக்கணக்கான ராண்ட் கணக்கு.

கராஜில் பெட்ரோல் போடுகிற பையன் நல்ல எண்ணத்தில் ஓடி வந்து தண்ணீர் மூடியைத் திறக்கப் பார்ப்பான். விடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கிற கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்) 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே கொதியாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரமாவது போகட்டும், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மூடி. அதுவும் துணி போட்டு, கால் சுற்று திருகி, "உஸ்" சத்தம் அடங்கிய பிறகு.

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் இன்னொரு தொல்லை, நீங்கள் கூப்பிடாமலேயே ஒரு டோ டிரக் வந்து நிற்கும். உங்கள் இன்சூரன்ஸில் ரோட்சைட் உதவி இருக்கிறதா என்று இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பார்த்து, அந்த எண்ணை ஃபோனில் பதிந்துவையுங்கள். வந்து நிற்கிறவர் நீட்டுகிற தாளில், எங்கே கொண்டுபோகிறார், எவ்வளவு, நிறுத்திவைக்க நாள் வாடகை எவ்வளவு என்று எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

2. குற்றவாளி ஃபேன்தானா?

கார் எப்போது சூடாகிறது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். நான் இரண்டு மெக்கானிக்கிடமும் "ஓவர்ஹீட் ஆகிறது" என்று மட்டும்தான் சொன்னேன், எப்போது என்று அவர்களும் கேட்கவில்லை. பாதிப் பணம் அங்கேயே போய்விட்டது.

என்2 நெடுஞ்சாலையில் 100-இல் போகும்போது முள் நடுவில் அசையாமல் நிற்கிறது, ரோபோட்டில் நான்கு சிவப்புக்குக் காத்திருந்தால் ஏறுகிறது, மறுபடி ஓட ஆரம்பித்தால் இறங்குகிறது என்றால் ஃபேன் மேல்தான் சந்தேகம். (சிக்னலுக்கு இங்கே ரோபோட் என்றுதான் பெயர், பழகிக்கொள்ளுங்கள்.) வேகத்தில் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், ஃபேன் வேண்டியதில்லை. நின்றால்தான் ஃபேன் வேண்டும்.

மாறாக, பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் என்கிற மேட்டில் ஏறும்போது நல்ல வேகத்திலேயே சூடாகிறது என்றால் அது ஃபேன் இல்லை. அடைத்த ரேடியேட்டர், பாதி திறக்கிற தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப் என்று வேறு பட்டியல். எஞ்சின் ஆயில் மூடிக்குள் பால் கலந்த காப்பி நிறம், புகைக்குழாயில் நிற்காத வெள்ளைப் புகை, கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழி, இவற்றில் ஏதாவது இருந்தால் இதோடு இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஹெட் கேஸ்கெட் பார்க்கிற ஆளிடம் போங்கள்.

3. என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

நான் கொடுத்த விலைகளைச் சொல்கிறேன், கடைக்குக் கடை மாறும். மல்டிமீட்டர் 180 ராண்ட், மிகச் சாதாரணமானதே போதும். தடித்த வயர் இரண்டு மீட்டர், இரண்டு முனையிலும் கிளிப், நடுவில் ஒரு ஃபியூஸ் பிடிப்பான், எல்லாம் சேர்த்து 90. ஃபியூஸ் பாக்கெட் 30. பழைய இன்டிகேட்டர் பல்பு ஒன்று, 21 வாட், அதில் இரண்டு வயர் பற்றவைத்தது. இதை எனக்குச் சும்மாதான் கொடுத்தார்கள், ஆனால் கடைசியில் கோளாறைக் காட்டிக்கொடுத்தது மல்டிமீட்டர் இல்லை, இந்தப் பல்புதான். உப்புத்தாள் ஒரு துண்டு. 10, 13 ஸ்பானர்.

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்தால் மொத்தச் சோதனையும் ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை காலை பத்துக்குள் முடிகிற மாதிரி வைத்துக்கொண்டால் நல்லது. பல உதிரிபாகக் கடைகள் சனி மதியமே மூடிவிடும், ஞாயிறும் எல்லாக் கடையும் திறந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. பழைய கோல்ஃப் மாதிரி கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேனுக்கு மின்சாரம் இருக்கும், எஞ்சின் சூடாக இருந்தால் திடீரென்று தானே சுற்றும். ஃபேனுக்குள் கை விடுகிற ஒவ்வொரு தடவையும் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். அதற்கு முன் ரேடியோவுக்கு ரகசிய எண் (கோட்) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அது வேறு ஒரு சனிக்கிழமையைத் தின்னும்.

4. கூலன்ட் அளவு, கையால் ஒரு சுற்று

கூலன்ட் குறைந்திருந்தால் ஃபேன் சுற்றாமல் போகலாம். ஏனென்றால் ஃபேனை ஆன் செய்கிற தெர்மோ ஸ்விட்ச் ரேடியேட்டரின் பக்கத்தில் திருகப்பட்டிருக்கும், அதன் மூக்கு கூலன்ட்டில் முழுகியிருக்க வேண்டும். அங்கே காற்று நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருந்தாலும் ஸ்விட்சுக்குச் சூடே தெரியாது. முதலில் நிரப்புங்கள், ஒழுகல் இருந்தால் அதைப் பாருங்கள். கூலன்ட்டும் அயனி நீக்கிய தண்ணீரும் பாதிக்குப் பாதி. டர்பனில் பனி உறையாதே, குழாய்த் தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் இல்லை, உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கவும், கொதிநிலையை ஏற்றவும்தான். பச்சையையும் இளஞ்சிவப்பையும் கலக்காதீர்கள், சில கலவைகள் கூழாகிவிடும்.

பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு ஃபேன் இறகை விரலால் தள்ளுங்கள். சும்மா விட்டால் ஒன்றிரண்டு சுற்று சுற்றி நிற்க வேண்டும். கரகரவென்று பிடித்தாலோ, தள்ளிய இடத்திலேயே நின்றாலோ பேரிங் போயிருக்கிறது, மோட்டார் மாற்ற வேண்டியதுதான்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்னொரு சோதனை. மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருக்கிறது என்றால் சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குள் போகவே இல்லை. தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டியிருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். இந்த நிலையில் ஸ்விட்சுக்குச் சூடு வராது, ஃபேனும் சுற்றாது. ஃபேன் நிரபராதி. ஆனால் "ஃபேன் சுற்றவில்லை" என்று பார்த்தவுடன் ஃபேனை மாற்றுகிறவர்கள் நிறைய.

5. ஃபியூஸ்

ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் படம் இருக்கும், ஃபேன் படம் போட்டதைத் தேடுங்கள். வழக்கமாக 20 அல்லது 30 ஆம்பியர். கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள், மல்டிமீட்டரில் பீப் சத்தம் வருகிறதா பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தாலும் அது உட்காரும் இடம் கருகி, பிளாஸ்டிக் உருகியிருக்கலாம். அந்தக் கருகல், நீண்ட நாளாகத் தொடர்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

எரிந்த ஃபியூஸை மாற்றியதும் மறுபடி எரிகிறது என்றால் மோட்டார் இறுகியிருக்கிறது, அல்லது வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. 30 எரிகிறதே என்று 40 போடுவது, சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவது, இதெல்லாம் ஊரில் பார்த்திருப்போம். செய்தால் அடுத்து எரிவது வயர்.

6. தெர்மோ ஸ்விட்சைத் தாண்டிப் பாருங்கள்

என்னைக் கேட்டால் மிகவும் பயனுள்ள சோதனை இதுதான், ஐந்து நிமிடம் கூட ஆகாது. ரேடியேட்டரில் இருக்கிற ஸ்விட்சின் பிளக்கைக் கழற்றுங்கள். இரண்டு பின் உள்ள பிளக் என்றால், அந்த இரண்டையும் உங்கள் ஃபியூஸ் வைத்த வயரால் இணையுங்கள். (மூன்று பின் என்றால் ஃபேனுக்கு இரண்டு வேகம், எது பொதுவான வயர் என்று பார்த்து ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும்.) பேட்டரி மாட்டியிருக்க வேண்டும், இக்னிஷன் ஆன், கை ஃபேனிலிருந்து தள்ளி.

ஃபேன் சுற்றினால் மோட்டார், ஃபியூஸ், வயர் எல்லாமே சரி, ஸ்விட்ச்தான் போயிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அவ்வளவுதான், 220 ராண்டில் முடிந்தது. சுற்றவில்லை என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

இதில் ஏமாந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. சில பழைய டொயோட்டாக்களில் கதை தலைகீழ். அங்கே ஸ்விட்ச் குளிரில் மூடியிருக்கும், சூட்டில் திறக்கும். அந்தக் கார்களில் பிளக்கைக் கழற்றினாலே ஃபேன் சுற்ற வேண்டும், இணைத்தால் நிற்கும். இது தெரியாமல் டொயோட்டாவில் இணைத்துப் பார்த்து "வயரிங் போச்சு" என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் புதிய கார்களில் ஃபேனை எஞ்சின் கம்ப்யூட்டரே இயக்கும், அங்கே சென்சார் வயர்களை இணைத்து விளையாடக் கூடாது.

ஸ்விட்சைக் கழற்றி அடுப்பில் சோதிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். பாத்திரத் தண்ணீரில் மூக்கை மட்டும் முக்கி, மல்டிமீட்டரை மாட்டி, எந்தச் சூட்டில் பீப் வருகிறது என்று பார்ப்பது. அதன் உடம்பிலேயே 95-84 என்கிற மாதிரி எண் பொறித்திருக்கும், 95-இல் ஆன், 84-இல் ஆஃப் என்று அர்த்தம். டர்பன் கடல் மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100 வரை போகும், சோதனை நடக்கும். ஜோஹானஸ்பர்கில் இதே சோதனையைச் செய்யாதீர்கள். அந்த ஊர் சுமார் 1750 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், நல்ல ஸ்விட்ச் கூட ஆன் ஆகாது. என் மைத்துனன் அங்கே அப்படித்தான் இரண்டு புது ஸ்விட்சைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போய்ச் சண்டை போட்டான்.

7. மோட்டாருக்கு நேராக 12 வோல்ட்

மோட்டார் பிளக்கைக் கழற்றி, பேட்டரியின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டிலிருந்தும் தடித்த வயரில் நேராகக் கொடுங்கள். பாசிட்டிவ் வயரில் ஃபியூஸ் இருக்கட்டும். சுற்றினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. சுற்றவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் மோட்டார் உடம்பில் மெல்லத் தட்டுங்கள். தட்டினால் சுற்றுகிறது, அடுத்த தடவை மறுபடி தட்ட வேண்டியிருக்கிறது என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அன்றைக்கு வீடு போய்ச் சேரலாம், மோட்டாருக்கு நாள் குறித்தாகிவிட்டது.

ஃபேன் எடுக்கிற மின்சாரத்தை மல்டிமீட்டரில் அளக்கப் போகாதீர்கள். அதன் 10 ஆம்பியர் துளை இந்த மோட்டாருக்குப் போதாது, முதல் இழுப்பிலேயே மீட்டர் போய்விடும்.

என் கதையில் இரண்டாவது மெக்கானிக் இந்த இடத்தில்தான் ஏமாந்தார், என்னையும் ஏமாற்றினார். வேண்டுமென்று இல்லை. புது மோட்டாரைப் பொருத்தி, பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்து, "பாருங்கள், எப்படிச் சுற்றுகிறது" என்று காட்டினார். நானும் பார்த்தேன், பணம் கொடுத்தேன். பழைய மோட்டாரையும் அதே மாதிரி சோதித்திருந்தால் அதுவும் அப்படித்தான் சுற்றியிருக்கும்.

8. வயரிங், முக்கியமாக எர்த்

மோட்டார் நேரடியாகச் சுற்றுகிறது, ஸ்விட்சை இணைத்தால் சுற்றவில்லை, ஃபியூஸ் சரி. இப்போது மிச்சம் இருப்பது வழியில் இருக்கிற வயரும் எர்த்தும்தான், ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்குகிற ஸ்விட்ச்) இருந்தால் அதுவும்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள், சாட்ஸ்வர்த்தில் ஒரு ஓய்வுபெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன் வீட்டு முற்றத்தில் கார் நின்றது. கோவில் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற கார்க்காரர் அவர், அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். தமிழ் அவருக்கு அம்மா பேசிக் கேட்ட அளவு. நான் பெருமையாகச் சொன்னேன், மோட்டார் பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.4 வோல்ட் வருகிறது, வயரிங் நன்றாக இருக்கிறது என்று. அவர் சிரித்தார். "ஷேம், தம்பி. மீட்டர் ஒண்ணும் குடிக்காது. ஃபேன் குடிக்கும்." (ஷேம் என்றால் இங்கே 'ஐயோ பாவம்'.) உள்ளே போய் அந்த இன்டிகேட்டர் பல்பைக் கொண்டுவந்து அதே பிளக்கில் மாட்டினார். பிரகாசமாக எரிய வேண்டிய பல்பு, அணையப்போகிற அகல் மாதிரி சிவந்து நின்றது.

விஷயம் இதுதான். மல்டிமீட்டர் எடுக்கிற மின்சாரம் ஒன்றுமே இல்லை, அதனால் பாதி அரித்துப்போன வயரிலும் முழு 12 வோல்ட்டைக் காட்டும். மோட்டார் மாதிரி ஆம்பியர் கணக்கில் இழுக்கிற ஒன்றை மாட்டும்போதுதான் அந்த அரிப்பு எல்லாவற்றையும் விழுங்குவது தெரியும். அதனால் பிளக்கைக் கழற்றி அளக்காதீர்கள். பிளக் மாட்டியிருக்க வேண்டும், ஸ்விட்சின் இரண்டு வயரும் இணைந்திருக்க வேண்டும், மோட்டார் இழுக்க முயற்சி செய்துகொண்டிருக்க வேண்டும். அந்த நிலையில் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில் வையுங்கள், இன்னொன்றை மோட்டார் பிளக்கின் பின்பக்கத்திலிருந்து எர்த் வயரில் குத்துங்கள். ஃபோக்ஸ்வாகனில் பழுப்பு வயர்தான் எர்த். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. என் காரில் 10 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. வந்த மின்சாரம் முழுக்க எர்த்தில் மாட்டி நின்றது, மோட்டாருக்கு மிச்சமே இல்லை.

பழுப்பு வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனோம். ஹெட்லைட்டுக்குப் பின்னால் பாடியில் ஒரு போல்ட், அதன் அடியில் நான்கைந்து எர்த் வளையங்கள். வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. போல்ட்டைத் திருகி எடுத்ததும் அடியில் இருந்த வளையம் பச்சையும் வெள்ளையுமாக, கோவில் பித்தளைக் குத்துவிளக்கை ஒரு வருடம் துலக்காமல் விட்ட மாதிரி இருந்தது. வயரை லேசாக இழுத்தேன், செம்பு பொடியாக உதிர்ந்தது. கடற்கரை ஊரில் உப்புக் காற்று செய்கிற வேலை இது. புது வளையம் போட்டு அழுத்தி, பாடியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். ஸ்விட்சை இணைத்தேன், ஃபேன் சுழன்றது. மறுபடி அளந்தால் 0.1 வோல்ட்.

பாசிட்டிவ் பக்கமும் இதே மாதிரி அளக்கலாம். ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ், மறு முனை மோட்டாரின் பாசிட்டிவ் பின். அங்கே அதிகம் காட்டினால் ஃபியூஸ் பிடிப்பான், ஸ்விட்ச் பிளக், ரிலே என்று ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கிப் போங்கள்.

9. ரிலே இருந்தால்

ரிலே பெட்டியில் அதே எண் போட்ட இன்னொரு ரிலே, ஹாரனுடையது மாதிரி, இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். "டிக்" சத்தம் வருவதால் ரிலே நல்லது என்று அர்த்தம் இல்லை, உள்ளே தொடுபுள்ளி கருகியிருந்தாலும் டிக் சத்தம் வரும். புதிது 60, 70 ராண்ட். பல பழைய கோல்ஃப்களில் ஃபேனுக்கு ரிலேயே கிடையாது, முழு மின்சாரமும் தெர்மோ ஸ்விட்ச் வழியாகவே போகும், அதனால்தான் அந்த ஸ்விட்ச் அடிக்கடி போகிறது.

"ஸ்விட்ச் எதுக்கு, டாஷ்போர்டில் ஒரு பட்டன் வைத்து நேராக வயர் இழுத்துத் தருகிறேன், 200 ராண்ட்" என்று சொல்கிற ஆட்கள் கிடைப்பார்கள். வேண்டாம். ஒரு நாள் பட்டனைப் போட மறப்பீர்கள், அல்லது ஸ்டீயரிங்குக்கு அடியில் மெல்லிய வயர் சூடாகி நாறும்.

10. பாகம் வாங்கும்போது

பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள். ஸ்விட்ச் என்றால் பொறித்த எண், பின் எண்ணிக்கை, திருகின் அளவு மூன்றும் பொருந்த வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பாகத்துக்குக் கோல்ட்வேகன் மாதிரி தனிக் கடைகள் இருக்கின்றன. கார் லைசன்ஸ் டிஸ்க்கை, முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற வட்டத்தை, ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் அதில் இருக்கிற வின் எண்ணை (காரின் அடையாள எண்) வைத்தே பாகத்தைத் தேடித் தருவார்கள்.

மோட்டார் ஸ்க்ராப்யார்டில் (பழைய கார்களைப் பிரித்து விற்கிற இடம்) பாதி விலைக்குக் கீழே கிடைக்கும், எனக்கு 400 சொன்னார்கள். வாங்கும் முன் அவர்கள் பேட்டரியிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓடாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

பொருத்தியதும் ஒரு டிஷ்யூ தாளைக் காரின் முன் கிரில்லில் வையுங்கள். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற வண்டியில் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விழுந்தால் இரண்டு வயரும் இடம் மாறி, ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. சுற்றும், சத்தமும் வரும், காரும் கொதிக்கும்.

11. மெக்கானிக்கிடம் கொடுப்பதென்றால் காகிதம் முக்கியம்

எல்லோரும் பானெட்டைத் திறந்து நிற்க வேண்டும் என்று இல்லை. ஆனால் காரை விடும்போது "ஓவர்ஹீட்" என்று சொல்லாமல், "நின்றால் சூடாகிறது, ஓடினால் இறங்குகிறது, ஸ்விட்சை இணைத்தால் ஃபேன் சுற்றவில்லை, மோட்டார் நேரடியாகச் சுற்றுகிறது" என்று வாட்ஸாப்பில் எழுதி அனுப்புங்கள். எழுத்தில் இருந்தால் யாரும் தெர்மோஸ்டாட் மாற்றத் துணிய மாட்டார்கள்.

இந்த நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் சட்டம், நம் பக்கம் நிறையப் பேசுகிறது. பிரிவு 15 பழுதுபார்ப்புக்கு முன் மதிப்பீடு, நம் சம்மதம் பற்றியது. நீங்கள் சரி என்று சொல்லாத வேலைக்குப் பணம் கேட்கக் கூடாது. மதிப்பீட்டில் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி (வாட்) சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பிரிவு 67-இன்படி கழற்றிய பழைய பாகத்தை உங்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். நான் கேட்காததால் என் நல்ல மோட்டார் எங்கே போயிற்றோ. பிரிவு 57-இன்படி புதிதாகவோ புதுப்பித்தோ பொருத்திய பாகத்துக்கும் அதன் கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. ஸ்க்ராப்யார்ட் பழைய பாகத்துக்கு அது பொருந்தாது, அதனால்தான் ரசீதில் எழுதி வாங்கச் சொன்னேன்.

பில்லில் கார் எண், தேதி, கிலோமீட்டர், பாகம், கூலி தனித்தனியாக இருக்க வேண்டும். "ரிப்பேர் 1500" என்று ஒரு வரி போட்ட பில்லை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. தகராறு வந்தால் முதலில் பட்டறைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், அப்புறம் மோட்டார் துறை ஒம்புட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கிற நடுவர்) போகலாம். தனி ஆளிடம் ஃபுட்ஸ்டூட்ஸ் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிய கார் என்றால், உள்ளது உள்ளபடி வாங்கினேன் என்று அர்த்தம். விற்றவர் கோளாறைத் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிக்க முடியாவிட்டால், அவரிடம் போய் நின்று பயனில்லை.

நேரத்தைப் பற்றி ஒன்று. மெக்கானிக் "ஜஸ்ட் நௌ" என்று சொன்னால் ஊர் ஞாபகத்தில் இப்போதே என்று நினைத்து வாசலில் நிற்காதீர்கள். இங்கே அதற்கு "எப்போதாவது, இன்றைக்கே கூட இருக்கலாம்" என்று பொருள். "நௌ நௌ" என்றால் கொஞ்சம் சீக்கிரம்.

12. சரியாகிவிட்டதா?

பட்டறையை விட்டுக் கிளம்பும் முன், அல்லது வீட்டு வாசலிலேயே, காரை நிறுத்தி எஞ்சினை ஓடவிடுங்கள். பத்திலிருந்து இருபது நிமிடம் ஆகலாம். முள் நடுவைக் கொஞ்சம் தாண்டியதும் ஃபேன் தானாக ஆன் ஆக வேண்டும், முள் இறங்க வேண்டும், ஃபேன் நிற்க வேண்டும். இது இரண்டு தடவை நடக்கும் வரை பணம் கொடுக்காதீர்கள். ஒரு தடவை போதாது. பேட்டரியிலிருந்து நேராகச் சுற்றிக் காட்டுவது இதில் சேராது.

கீழ் ஹோஸும் சூடாகியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்த பிறகு கூலன்ட் டப்பாவைப் பார்த்து, உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறி அளவு இறங்கியிருந்தால் நிரப்புங்கள். என் காரில் ஒரு கப் பிடித்தது.

இப்போது என் கிளவ் பாக்ஸில் இரண்டு ஃபியூஸ், ஃபியூஸ் வைத்த அந்த வயர், அங்கிளின் பல்பு மூன்றும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கின்றன. பல்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.